அந்த வீட்டில் ஸ்டவ் இல்லை

நான் முதன்முதலாகச் செதுக்கியது ஒரு வீணையை. டீச்சர் அதை அச்செடுத்த தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீணை நல்லாத்தான் இருக்கு. நான் கேட்டது நீ கேட்ட சத்தத்தை. அது எங்க?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது எனக்கு இருபது வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் இருப்பது என்றால் மாப்பிள்ளை வரும்வரை இருப்பது. அப்பாவுக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு போகிற ரோட்டில் சைக்கிள் சாமான் கடை. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கி, பொதி அடுக்குகிற கிடங்கு, சும்மா கிடந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் டீச்சராக இருந்தவர், அந்தக் கிட்டங்கிச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, சனிக்கிழமை மத்தியானங்களில் பெண்களுக்கு அச்சுப் படம் போடச் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியிருந்தார். வீட்டில் தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்தான் எங்களில் பாதிப் பேர்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மெட்ராஸில் ஓவியம் படித்தவர். அவருடைய முறை எங்களுக்குப் புதிதாக இருந்தது. டேப் ரெக்கார்டரில் ஒரு பாட்டைப் போடுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். கேட்கிறபோது பென்சில் தாளில் எப்படிப் போகிறதோ அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு அந்தக் கோட்டை ரப்பர் ஷீட்டில் ஏற்றிச் செதுக்கி, மை உருட்டி, மேலே தாள் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். செதுக்கிய இடம் வெள்ளையாக வரும். விட்ட இடம் கறுப்பாக வரும்.

இதற்கென்று விற்கும் ஷீட் மதுரையில்கூடக் கிடைக்கவில்லை. செருப்புக்கு அடி வெட்டுகிற ரப்பர் ஷீட்டை வாங்கி வந்தோம். குடைக்கம்பியை நறுக்கி, நுனியைக் கல்லில் தீட்டினால் உளி. மையும் தாளும் சிவகாசி அச்சாபீசுகளில் கழித்துப் போட்டவை. எங்களோடு பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கிற ஒரு பெண் இருந்தாள். மை துடைக்க அவள் துண்டுத் துணி கொண்டுவருவாள். கிட்டங்கிக் கூரையில் பழைய பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் ஈர மையின் மேல் உதிரும். எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் கறுப்புக்குள் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். டீச்சர் அதைத் துடைக்க விடமாட்டார்.

சில மாதங்கள் கழித்து, நான் அக்கா என்று கூப்பிட்ட பெண் வந்து சேர்ந்தாள். சுந்தரபாண்டியத்திலிருந்து எங்கள் பின்தெருவுக்குக் கட்டிக்கொண்டு வந்தவள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும், குழந்தையில்லை. அவள் வீட்டுக்காரருக்கு வீட்டை ஒட்டினாற்போல் விசைத்தறிக் கூடம். அவளும் வீட்டில் தையல் கிளாஸ் என்றுதான் சொல்லியிருந்தாள். வந்த முதல் நாள் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்து, எல்லோரும் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பென்சிலைக் கையில் கொடுத்ததும், "எனக்கு எழுதத்தான் தெரியும். படம் வராது" என்றாள்.

அன்றைக்கென்று டேப் ரெக்கார்டர் நாடாவைத் தின்றுவிட்டது. டீச்சர் விரலை விட்டு இழுக்க இழுக்க நாடா சுருள் சுருளாக வந்தது. பாட்டில்லாமல் எப்படி? "யாராவது பாடுங்களேன்" என்றார் டீச்சர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"நான் பாடலாமா டீச்சர்? எங்கம்மா வயக்காட்டுல பாடுறது."

அவள் குரல் இனிமையான குரல் இல்லை. கனத்த குரல். மேலே ஏறும்போது லேசாகக் கம்மும். நடவுப் பாட்டு அது. ஒரு அடி பாடி நிறுத்துவாள். எதிர்வரிசை திருப்பிப் பாடுவதற்கான இடம் அது. அங்கே திருப்பிப் பாட ஆள் இல்லை. அந்த இடைவெளியை அவள் அப்படியே விட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போவாள். கண்ணை மூடியிருந்த எனக்கு அந்த நிறுத்தங்கள்தான் கேட்டன. என் பென்சில் போய்ப் போய் நின்றது. அன்றைக்குத்தான் நான் முதன்முறையாக எதன் உருவமும் இல்லாத ஒரு படத்தைச் செதுக்கினேன். டீச்சர் அதைக் கொடியில் காயப்போட்டார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு டேப் ரெக்கார்டரை யாரும் ரிப்பேர் செய்யவில்லை. ஒவ்வொரு வாரமும் எங்களில் ஒருத்தி பாடினாள். தெலுங்கு பேசுகிற அக்கா தங்கை இருவர் அவர்கள் வீட்டுக் கல்யாணப் பாட்டைப் பாடினார்கள். பேண்டேஜ் தறிக்காரப் பெண் கோயிலில் பாடும் கீர்த்தனை ஒன்றைப் பாடினாள். ஆனாலும் மாதத்தில் இரண்டு வாரம் சுந்தரபாண்டியத்து அக்காதான். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

"வீட்டுல பாடக் கூடாதா அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாடுனா அவருக்குக் கோவம் வரும். புள்ளை இல்லாத வீட்டுல என்ன பாட்டுங்காரு. அத்தை அதுக்கும் மேல."

அத்தை என்றது மாமியாரை. பிள்ளை இல்லாததற்கு வைத்தியம், பூஜை எல்லாம் முடிந்து, அந்த வீட்டில் இன்னொரு பெண் பார்க்கிற பேச்சு ஆரம்பித்திருந்தது. இவளைத் தாய்வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இவள் ஒருமுறை போனாள். ஊர்ப் பெரியவர்கள் பேசிக் கொண்டுவந்து விட்டார்கள். அதன்பிறகு அவள் அம்மாவை அந்த வீட்டு வாசற்படி ஏறவிடவில்லை. இதையெல்லாம் அவள் உட்கார்ந்து சொன்னதில்லை. ரப்பரைச் செதுக்குகிறபோது, தலையைத் தூக்காமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்லுவாள். சட்டைக் கைக்குக் கீழே காயம் தெரிந்த வாரங்களும் உண்டு. "தறிக் கட்டையில இடிச்சுக்கிட்டேன்" என்பாள். நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டு என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மகளைப் பார்க்க வேறு வழி இல்லாததால் அவள் அம்மா சனிக்கிழமைகளில் கிட்டங்கிக்கு வர ஆரம்பித்தார். சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கே பஸ் மாறி வருவார். மெலிந்த, உயரமான பெண். கறுப்பு மை ஒட்டிவிடும் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் உட்காருவார். அவித்த கடலையோ பனங்கிழங்கோ மடியில் இருக்கும். எங்கள் எல்லோருக்கும் ஒரு கை கொடுத்த பிறகுதான் மகளுக்குக் கொடுப்பார். அவர் வந்த பிறகு நடவுப் பாட்டில் காலி இடம் இல்லை. மகள் ஒரு அடி பாட, அம்மா மறு அடியைப் பாடினார். மில் சங்கு ஊதியதும் மகள் எழுந்து வீட்டுக்குப் போவாள். அம்மா பஸ்ஸுக்குப் போவார். தெருவில் இருவரும் சேர்ந்து நடக்க மாட்டார்கள். யாராவது பார்த்து அந்த வீட்டில் சொல்லிவிடுவார்கள் என்கிற பயம்.

அது நடந்தது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிடப் போகிற கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் அக்காவின் அம்மா தாமதமாகத்தான் வந்தார். அக்கா அவருக்கும் முன்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாவளோ?" என்றார் அம்மா.

"இருக்கும். செத்த நேரம் பாப்போம்" என்றார் டீச்சர்.

பார்த்தோம். யாருக்கும் வேலை ஓடவில்லை. நான் எழுந்து, "பெரியம்மா, நான் போயிப் பாத்துட்டு வாரேன். பின்தெருதான்" என்றேன்.

தெருமுனையிலேயே வாடை வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். தறிகள் நின்றுபோயிருந்தன. அந்தத் தெருவில் தறிச் சத்தம் இல்லாமல் நான் ஒருநாளும் நடந்ததில்லை. எங்கள் அம்மாவுக்குப் பழக்கமான ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, நீ எங்க வந்த? அங்க போகாத. ஸ்டவ் வெடிச்சிருச்சாம். இப்பந்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாவ."

நான் போனேன். வாசல் திறந்து கிடந்தது. முற்றத்தில் தண்ணீர் கொட்டிக் கிடந்தது. அதற்கு நடுவில், எல்லோரும் பார்க்கிற மாதிரி, ஒரு பம்பு ஸ்டவ் இருந்தது. அதன் பித்தளை பளபளவென்று இருந்தது. அதை நான் பார்த்தேன், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பிக் கிட்டங்கிக்கு வந்தபோது அக்காவின் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் அமையவில்லை.

"பெரியம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "உசிரு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

அரசாங்க ஆஸ்பத்திரியில் வாழை இலையில் படுக்க வைத்திருந்தார்கள். முகத்தில் கண் மட்டும் அவளுடையதாக இருந்தது. வீட்டுக்காரர் கட்டிலின் தலைமாட்டில் நின்றார். அவருடைய கைகளில் சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. போலீஸ்காரர் ஒருவர் குனிந்து அவளிடம் கேட்டு எழுதினார். அவள் ஸ்டவ் என்று சொன்னாள். அம்மாவை உள்ளே விட்டது அதற்குப் பிறகுதான். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை அங்கேயே இறந்துபோனாள். உடலை அம்மாவிடம் கொடுக்கவில்லை. கட்டியவன் வீட்டுக்குத்தான் உரிமை என்று வாங்கிவந்து, ராஜபாளையத்திலேயே காரியத்தை முடித்துவிட்டார்கள்.

பதினாறு கழிவதற்கு முன்பே தெருவெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கல்யாணப் போட்டோவிலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தது. பக்கத்தில் நின்றவனின் தோள் ஓரமாகக் கொஞ்சம் தெரிந்தது. கீழே பெரிய எழுத்தில் கணவர், மாமியார், குடும்பத்தார்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் கிட்டங்கியில் கூடினோம். வேலை செய்ய அல்ல. எங்கே போவதென்று தெரியாமல் வந்தோம். அக்காவின் அம்மாவும் வந்தார். தலை வாரவில்லை. வந்தவர் உட்காராமல் டீச்சர் முன்னால் நின்றார்.

"டீச்சரம்மா, அந்த வீட்டுல ஸ்டவ்வே கெடையாது. வெறகடுப்புத்தான். எம்மக வாராவாரம் அடுப்பூதிக் கண்ணெரிச்சலோட வருவாளே, நீங்களும் பாத்தியளே. ஸ்டேசன்ல சொன்னேன். உம்மவளே ஸ்டவ்வுன்னு சொல்லிட்டா, நீ என்னன்னு கேக்காக. அவன் தலமாட்டுல நிக்கும்போது அவ வேற என்னத்தச் சொல்லுவா?"

அப்போதுதான் எனக்கு அந்தப் பித்தளை ஞாபகம் வந்தது. "புது ஸ்டவ்வு பெரியம்மா. நான் பாத்தேன். கரியே இல்ல" என்றேன்.

அம்மா டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க அச்சடிக்கிறவியதான? அவிய ஒட்டியிருக்காவள்ல, அந்த மாதிரி எம்மகளுக்கு நீங்க ஒண்ணு அடிச்சுத் தாங்க."

டீச்சர் பயந்தார். எங்களுக்குத் தெரியும்படி பயந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கூடத்து வேலை, கிட்டங்கி வேறொருவர் சொத்து, நாங்கள் எல்லாம் கல்யாணம் ஆகாத பெண்கள். கடைசியில், "என்ன எழுதணும்?" என்று கேட்டார்.

"அந்த வீட்டுல ஸ்டவ் இல்லன்னு எழுதுங்க. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் வேண்டாம்."

படத்துக்கு என்ன செய்வது? அவளுடைய போட்டோ எங்களிடம் இல்லை. கல்யாணப் போட்டோவைத் தொட அம்மாவுக்கு மனமில்லை. டீச்சர் பெரிய ரப்பர் ஷீட்டைத் தரையில் விரித்தார். நாங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். யாரும் அம்மாவைப் பாடச் சொல்லவில்லை. அவராகத்தான் ஆரம்பித்தார்.

ஒப்பாரியை நான் இழவு வீடுகளில் கேட்டிருக்கிறேன். அங்கே ஒருத்தி தொடங்க, பலர் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே அழுவார்கள். இது தனிக் குரல். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மகளைப் பெற்றதிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். மூச்சு முட்டி நிற்கும் இடத்தில் எங்கள் உளியும் நின்றது. அவர் மறுபடி எடுக்கும்போது உளியும் நகர்ந்தது. ஆளுக்கொரு பக்கமாகச் செதுக்கிக்கொண்டு வந்தோம். ஒரு கட்டத்தில் பேண்டேஜ் தறிக்காரப் பெண் தன் விரலைக் கிழித்துக்கொண்டாள். துணியைச் சுற்றிக்கொண்டு அவள் திரும்பவும் உட்கார்ந்தாள். அம்மா நடுவில் நடவுப் பாட்டுக்குப் போனார். மகள் பாடும் அடியை விட்டுவிட்டுத் தன் அடியை மட்டும் பாடினார். எங்களால் அதைத் தாங்க முடியவில்லை. டீச்சர் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார்.

எழுத்தை வெட்டும் வேலை எனக்கு வந்தது. அச்சில் நேராக விழ வேண்டுமானால் ரப்பரில் திருப்பி வெட்ட வேண்டும். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வெட்டினேன். அப்படியும் ஒரு 'ஸ்' இடம் வலம் மாறிப் போய்விட்டது. திருத்த ரப்பர் இல்லை. அப்படியே விட்டோம்.

தாளை முதலில் உரித்து எடுத்தபோது நாங்கள் செதுக்கிய கோடுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுவில் கறுப்பாக ஒரு இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருந்தன. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. அந்தக் கறுப்புக்குள் பஞ்சு உதிர்ந்த புள்ளிகள். அதற்குக் கீழே: 'அந்த வீட்டில் ஸ்டவ் இல்லை.' அவள் பெயரை அம்மா போட வேண்டாம் என்றார். அவர்கள் போஸ்டரில் இருக்கிற பெயரே போதும், அதற்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும் என்றார்.

ஒட்டுவதற்கு ஆள் பிடிக்கலாம் என்று டீச்சர் சொன்னார். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் ராத்திரியில் ஒட்டிவிட்டுப் போவார்கள். அம்மா கேட்கவில்லை. "ஒளிஞ்சு ஒட்டுறதுக்கு நாம என்ன தப்பா செஞ்சோம்?" என்றார். மைதா மாவைக் காய்ச்சி வாளியில் எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில், நாங்கள் எல்லோருமாகப் புறப்பட்டோம். பெண்கள் போஸ்டர் ஒட்டி அந்த ஊர் பார்த்ததில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். "என்ன படம்மா ரிலீசு?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு அவர் பக்கத்து போஸ்டரையும் வாசித்தார். சிரிப்பு நின்றது. டீக்கடைக்காரர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தார்.

பின்தெருவில் ஒட்டினோம். பஸ் ஸ்டாண்டு ரோட்டில் ஒட்டினோம். அப்பா கடைக்கு எதிர்ச் சுவரில் நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கடையை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டி வந்தார். என் முழங்கை வரை பசை. அவர் சத்தம் போடவில்லை.

"வீட்டுக்குப் போ."

"முடிச்சுட்டு வாரேன்ப்பா."

அவர் போஸ்டரை வாசித்தார். அவருக்கும் அக்காவைத் தெரியும். "உனக்கு இனிமே நான் எங்க போயி மாப்பிள்ளை பாக்குறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. திரும்பிப் போய்க் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். நான் அடுத்த சுவருக்குப் போனேன். மீதித் தாள்களோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போனோம். தேர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினோம். கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒட்டினோம்.

மறுநாள் பெரும்பாலானவற்றைக் கிழித்துவிட்டார்கள். தறிக்கூடத்து ஆட்கள் கிட்டங்கிக்கு வந்து கதவை உதைத்தார்கள். சொந்தக்காரர் பூட்டை மாற்றினார். எங்கள் ரப்பர், தாள், கொடியில் கிடந்த படங்கள் எல்லாம் உள்ளேயே இருந்துவிட்டன. ஸ்டேஷனிலிருந்து டீச்சருக்கு ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். அங்கே ஒரு போஸ்டரை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள்.

"இதுல அச்சாபீஸ் பேரு எங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"அச்சாபீஸ்ல அடிக்கல சார். நாங்க கையால தேய்ச்சது" என்றார் டீச்சர்.

"எதுல அடிச்சாலும் பேரு போடணும். போடாதது குத்தம். தெரியுமா?"

அந்தச் சாவை ஒட்டி வழக்கு என்று ஒன்று எழுதப்பட்டதென்றால் அது அதுதான். பெயரில்லாத போஸ்டர்.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறந்த பெண் என்பதால் கோட்டாட்சியர் விசாரணை நடந்தது. அம்மா ஒரே வாக்கியத்தைச் சொன்னார். அக்கம்பக்கத்துக்காரர்கள் ஸ்டவ் இருந்தது என்றார்கள். கண்ணால் பார்த்தோம் என்றார்கள். நான் போனேன், அப்பா தடுக்கவில்லை. புது ஸ்டவ், கரி இல்லை என்று சொன்னேன்.

"அந்த வீட்டு அடுப்படிக்குள்ள நீங்க எப்பவாவது போயிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"பின்ன எப்படிம்மா?"

நானும் அக்காவும் சந்தித்தது எல்லாம் கிட்டங்கியில்தான். விபத்து என்று முடித்தார்கள். அடுத்த வருடம் அந்த வீட்டில் மறுபடி கல்யாணம் நடந்தது. வாழைமரம் கட்டினார்கள். டீச்சரை அவருடைய நிர்வாகம் வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியது. புறப்படுவதற்கு முன்னால் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே என்னோடு கொஞ்சம் பேசிவிட்டுப் போனார். அக்காவின் அம்மா இரண்டு மூன்று வருடம் இருந்தார். பிறகு நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. மனைவியை இழந்தவர், பலசரக்குக் கடை. போஸ்டர் விஷயம் தெரிந்துதான் கட்டினார். நல்ல மனிதர். அப்பா கேட்ட கேள்விக்கு அதுதான் விடையாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், என் பையன் படித்த பள்ளிக்கூடத்தில் கேட்டு, விடுமுறை நாட்களில் பெண்களுக்கு நானே அச்சுப் படம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். குடைக்கம்பியும் செருப்பு ரப்பரும்தான் அங்கேயும். ஆனால் பாட்டுக்கு ரேடியோவை வைத்தேன். யாரையும் பாடச் சொல்லி என்னால் கேட்க முடியவில்லை. ஒரு பெண் தானாகப் பாட எழுந்தபோது, "ரேடியோவே போதும்மா" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

அங்கே ஒருநாள் புதிதாக ஒருத்தி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஒரு பெண் குழந்தை. உளியைத் தொடவில்லை. மற்றவர்கள் கிளம்பும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் மைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் ராஜபாளையம். விசைத்தறிக்காரர் வீடு. நீங்க முன்ன இருந்த தெருவுக்குப் பின்தெரு."

எனக்குப் புரிந்துவிட்டது. துணியைக் கீழே வைத்தேன்.

"நீங்கதான அந்தப் போஸ்டர் ஒட்டுனது?"

"நாங்க எல்லாரும் சேந்து ஒட்டுனோம்."

"எனக்குக் கல்யாணம் ஆகிப் பொறவுதான் தெரியும். கிணத்தடிச் சுவருல ஒண்ணு கிழியாம இருந்துச்சு. வெள்ளையடிச்சும் எழுத்துத் தெரிஞ்சுது. இது என்னன்னு பக்கத்து வீட்டுல கேட்டேன். சொன்னாவ." குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "எங்க ஊரு ஆலங்குளம் பக்கம். பொண்ணு கேட்டு வந்தப்ப, மொதத் தாரம் ஸ்டவ் வெடிச்சுச் செத்துப்போச்சு, பாவம்னு சொல்லித்தான் கேட்டாவ. எங்கய்யாவும் பாவம்னு கொடுத்துட்டாரு. ஊரெல்லாம் ஒட்டுனீங்களே. எங்க ஊருக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்னு உங்கள்ல ஒருத்தருக்கும் தோணலியா?"

ரேடியோவில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

"உன்னை ஏதாவது செய்யுதாவளா?"

"அடிப்பாரு. அதுக்கு மேல இல்ல. நான் அடுப்படிக் கதவச் சாத்துறதே இல்ல. புருசனும் மாமியாளும் சேந்தாப்புல வீட்டுல இருந்தா நான் தெருவுல நிப்பேன். இவ பொறந்த பொறவு கொஞ்சம் பரவால்ல."

"உங்கய்யா வீட்டுக்குப் போயிரலாமே?"

"அங்க யாரு இருக்கா? அய்யா போயிட்டாரு."

அவளைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டேன். வழியில் குழந்தைக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். எங்கள் வீடு எந்தத் தெரு என்று கேட்டாள். சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் வரலாம், எந்த நேரமானாலும் வரலாம் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். அதை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பஸ் கிளம்பிப் போனது.

அதன் பிறகு அவள் எப்போதாவது வருவாள். கை வீங்கி வந்த நாட்களும் உண்டு. சாதாரணமாக வந்து காப்பி குடித்துவிட்டுப் போன நாட்களும் உண்டு. என் வீட்டுக்காரர் அவள் வந்தால் கடைக்குப் போய்விடுவார், நாங்கள் பேசட்டும் என்று. மழைக்காலத்தில் ஒருமுறை பெண்ணையும் ஒரு பையில் துணிகளையும் எடுத்துக்கொண்டு வந்தாள். திரும்பிப் போகவில்லை. எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தோம்.